உயிர் இரண்டு, இலை ஒன்று

போன சனிக்கிழமை ராத்திரி என் மூத்த மகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த வாரப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் உங்களில் பலர் வீட்டிலும் இதே கேள்வி, கேட்கப்படாமலே, அடுக்களை மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நடந்தது இதுதான். பேரனுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தான். பாதி தூரம் போவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். கூடப் படிக்கும் பிள்ளைகள் "பூசணிக்காய், பூசணிக்காய்" என்று கைதட்டிச் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவன் ஒருவரோடும் பேசவில்லை. அவனுக்குப் பிடிக்குமே என்று வெங்காய பஜ்ஜி போட்டு வைத்திருந்தேன். தட்டைத் தள்ளிவிட்டு, "எனக்கு வேண்டாம் பாட்டி" என்று சொல்லி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவன் தூங்கிய பிறகு மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏம்மா, இவன் வயிற்றில் இருந்தபோது நான் 22 கிலோ ஏறினேனே, அதனால்தான் இப்படி ஆகிவிட்டானா? எல்லாம் என் தப்புதானா?" என்றாள். கேட்கும்போதே அவள் குரல் கம்மிவிட்டது.

எனக்குச் சுருக்கென்றது. அந்த 22 கிலோவில் பாதி என் கைக் கரண்டியிலிருந்து போனது அல்லவா?

மசக்கையில் வாடிப் போய்விட்டாள் என்று நாலாம் மாதமே அவளை அழைத்து வந்துவிட்டேன். ஐந்தடி ஓர் அங்குலம் உயரம். கர்ப்பமாவதற்கு முன்பே 68 கிலோ. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? "நீ ஒருத்தியா சாப்பிடுகிறாய்? உள்ளே ஒருவன் காத்துக்கொண்டிருக்கிறான்" என்று சொல்லிச் சொல்லியே இட்லிக்கு நெய், சாதத்துக்கு நெய், பதினொரு மணிக்குப் பழச்சாறு, சாயங்காலம் அல்வா, படுக்கும்போது சர்க்கரை போட்ட பாதாம்பால் என்று நடந்தது. முதல் தடவை சர்க்கரைச் சோதனையில் ஒன்றும் இல்லை. ஆறாம் மாதக் கடைசியில் மறுபடியும் செய்துகொள்ளும்படி டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்தார். அந்த வாரம் வளைகாப்பு வேலை. "முன்பே சரியாகத்தானே இருந்தது!" என்று அந்தச் சீட்டை அலமாரியில் போட்டவள் நான்தான்.

பிறந்தபோது குழந்தை 4 கிலோ 100 கிராம். பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திருஷ்டி சுற்றிப் போட்டேன். திருஷ்டி எங்கே இருந்தது என்று அப்போது தெரியவில்லை!

இப்போது என் இளைய மகள் மூன்று மாதம். அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஊன்றிப் படித்தேன். தெரிந்த டாக்டரம்மாவிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், வயிற்றிலிருக்கும் குழந்தைக்குச் சாப்பாடு எப்படிப் போகிறது என்று பார்ப்போம். நாம் சாப்பிட்டது சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போய்விடும். ஆனால் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் இருக்கிறதே, தாயின் இன்சுலின், அது தாண்டிப் போகாது. தாயின் ரத்தத்தில் சர்க்கரை மிஞ்சினால் குழந்தைக்கும் மிஞ்சும். அதைச் சமாளிக்கக் குழந்தையே தன் கணையத்தில் இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது. மிஞ்சிய அரிசியை நாம் டப்பாவில் கொட்டி வைப்பதுபோல, அந்த இன்சுலின் மிஞ்சிய சர்க்கரையைக் கொழுப்பாக்கிச் சேர்த்து வைத்துவிடுகிறது. டென்மார்க் தேசத்து டாக்டர் பீடர்சன் என்பவர் 1950-களிலேயே இதை எடுத்துச் சொன்னார்.

பிறந்த பிறகும் இதன் சுவடு இருக்குமா? அமெரிக்காவில் அரிஸோனா மாநிலத்தில் பீமா என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர்களிடையே நீரிழிவு மிக அதிகம். அதனால் 1965 முதல் பல ஆண்டுகள் ஆராய்ச்சியாளர்கள் அந்தக் குடும்பங்களைப் பரிசோதித்து வந்தார்கள். ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டபோது ஒரு விஷயம் தெரிந்தது. தாய்க்கு நீரிழிவு வருவதற்கு முன் பிறந்த பிள்ளையைவிட, வந்த பின் பிறந்த பிள்ளைக்குப் பருமனும் அதிகம், நீரிழிவும் அதிகம். தாய் ஒருத்திதான், வீடும் ஒன்றுதான். மாறியது வயிற்றுக்குள் இருந்த நிலைமை. 2000-ம் வருஷம் வெளியான முடிவு இது.

"அப்படியானால் குறைவாகச் சாப்பிட்டால் சரியாகிவிடும் அல்லவா?" என்று கேட்கப் போகிறீர்கள். அவசரப்படாதீர்கள். பட்டினி இதற்கு மருந்தாகாது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1944-45 குளிர்காலத்தில், ஹாலந்து தேசத்தின் மேற்குப் பகுதியில் கொடிய பஞ்சம். ஜெர்மானியப் படைகள் உணவு போக விடாமல் தடுத்துவிட்டன. கர்ப்பிணிகளும் பட்டினி கிடந்தார்கள். அப்போது வயிற்றிலிருந்த ஆண் பிள்ளைகள் 19 வயதில் ராணுவப் பரிசோதனைக்கு வந்தபோது, சுமார் மூன்று லட்சம் பேருடைய குறிப்புகளை எடுத்து ஆராய்ந்து 1976-ல் வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் முற்பாதியில் தாய் பட்டினி கிடந்திருந்தால் பிள்ளைகளிடையே பருமன் அதிகமாக இருந்தது! கடைசி மாதங்களில் பட்டினி கிடந்திருந்தால் குறைவாக இருந்தது. முதலில் பஞ்சத்தைக் கண்ட உடம்பு, பின்னால் கிடைப்பதையெல்லாம் சேர்த்து வைக்கக் கற்றுக்கொண்டதோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பூனாவுக்கு வாருங்கள். அங்கே டாக்டர் யாக்னிக் என்பவர் தம் குழுவினரோடு 1993-ல் தொடங்கி, பக்கத்திலுள்ள ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அளந்து பார்த்தார். தாய்மார்கள் சராசரி 42 கிலோதான். குழந்தைகள் பிறந்தபோது சராசரி 2 கிலோ 700 கிராம். இங்கிலாந்துக் குழந்தைகள் மூன்றரை கிலோ. ஆனால் நம் குழந்தைகளுக்கு எதில் குறை தெரியுமா? சதையிலும் வயிற்று உறுப்புகளிலும்தான் அதிகக் குறை. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. "மெலிந்த, ஆனால் கொழுத்த" இந்தியக் குழந்தை என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆகவே எடை மிஞ்சினாலும் கஷ்டம், குறைந்தாலும் கஷ்டம். நம் தமிழ்நாட்டில் இரண்டும் இருக்கின்றன. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி இங்கே நூறு பெண்களில் 40 பேருக்கு எடை அதிகம். ஐந்தாறு வருஷத்துக்கு முந்தைய கணக்கில் அது 31. அதே சமயம் நூற்றில் 12 பேருக்கு மேல் எடை போதாதவர்கள். ஒரே தெருவில் ஒருத்திக்கு "இன்னும் கொஞ்சம் சாப்பிடு" என்றும், எதிர் வீட்டுக்காரிக்கு "போதும்" என்றும் சொல்லவேண்டியிருக்கிறது. இருவருக்கும் ஒரே உபதேசம் செய்வதில்தான் நாம் தவறுகிறோம்.

சரி, எவ்வளவு ஏறலாம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழந்தை 3 கிலோ. நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், வளர்ந்த கருப்பை எல்லாம் சேர்ந்து இரண்டரை கிலோ. கூடுதலாக ஊறும் ரத்தமும் உடம்பில் தங்கும் நீரும் 3 கிலோ. மார்பு அரை கிலோ. பால் கொடுக்கும் காலத்துக்காக இயற்கை சேர்த்து வைக்கும் கொழுப்பு 3 கிலோ. ஆக மொத்தம் 12. நம் ஊரில் அளவான உடம்புள்ள பெண்ணுக்கு 10 முதல் 12 கிலோ வரை என்று டாக்டர்கள் சொல்வதற்கு இதுதான் அடிப்படை.

ஆனால் எல்லோருக்கும் இந்த அளவு அல்ல. அமெரிக்க மருத்துவ நிபுணர்கள் 2009-ல் ஒரு வரையறை செய்தார்கள். எடை அதிகமாக இருப்பவர்கள் 7 முதல் பதினொன்றரை கிலோ வரை ஏறலாம். மிகப் பருமனானவர்களுக்கு 5 முதல் 9 கிலோ போதும். மெலிந்தவர்கள் மட்டும் பன்னிரண்டரை முதல் 18 கிலோ வரை ஏறவேண்டும். ஐந்தடி ஓர் அங்குலப் பெண் 44 கிலோவுக்குக் கீழே இருந்தால் மெலிந்தவள். 60-ஐத் தாண்டினால் அதிகம். 72-ஐத் தாண்டினால் மிகப் பருமன். அதிலும் நம் தேசத்து உடல்வாகுக்கு 55 கிலோவைத் தாண்டும்போதே ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிறார்கள். என் மகள் 68. அவள் ஏறியிருக்க வேண்டியதைப்போல் இரண்டு பங்கு ஏற்றிவிட்டேன்!

இப்போது மகளின் கேள்விக்கு வருகிறேன். அவன் பருமனுக்கு அவள்தான் காரணமா?

அமெரிக்காவில் ஆர்க்கன்ஸா என்ற மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் உயரம், எடை எல்லாம் அளக்கப்பட்டு வந்தது. அதைப் பிறப்புக் குறிப்புகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். 42,000-க்கு மேற்பட்ட தாய்மார்கள், 91,000 பிள்ளைகள். அண்ணன் வயிற்றில் இருந்தபோது தாய் எவ்வளவு ஏறினாள், தங்கை இருந்தபோது எவ்வளவு ஏறினாள் என்று, ஒரே வீட்டுப் பிள்ளைகளையே ஒப்பிட்டார்கள். 2013-ல் முடிவு வெளிவந்தது. தாய் அதிகம் ஏறிய கர்ப்பத்தில் பிறந்த பிள்ளை, பன்னிரண்டு வயதில் சற்று அதிக எடையோடுதான் இருந்தது. ஆனால் எவ்வளவு? மிகக் குறைவாக ஏறியவளின் பிள்ளைக்கும் மிக அதிகமாக ஏறியவளின் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம், அந்த வயதுப் பிள்ளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. அவ்வளவுதான்!

இதை நான் மகளிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். "பாரடி, உன் கர்ப்பம் ஒரு கை கொடுத்திருக்கலாம். மிச்சம் எல்லாம் நம் வம்சத்து உடல்வாகு, மாப்பிள்ளை வீட்டு உடல்வாகு, பிஸ்கட் டப்பா, கையில் செல்போன், விளையாட இடமில்லாத தெரு, அப்புறம் இந்தப் பாட்டியின் பஜ்ஜி" என்றேன். அழுதுகொண்டிருந்தவள் கொஞ்சம் சிரித்தாள்.

ஆனால் ஒரு கிலோதானே என்று தள்ளிவிடவும் கூடாது. ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு கிலோ என்றால் அது சின்ன விஷயம் இல்லை. சர்க்கரை சேர்ந்துகொண்டால் பாதிப்பும் அதிகம். தவிர, பிரசவ நேரத்தில் தாய்க்கும் பெரிய குழந்தைக்கும் வரும் சிரமம் தனி.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் நடந்த 37 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2019-ல் பார்த்தார்கள். கர்ப்பத்தில் ஏறிய எடையைவிட, கர்ப்பமாகும்போது தாய் எந்த எடையில் இருந்தாளோ அதுதான் பிள்ளையின் பருமனோடு அதிகமாகத் தொடர்பு கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரத்தில், எடை அதிகமான கர்ப்பிணிகள் சுமார் 2,200 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்குச் சாப்பாட்டிலும் நடையிலும் யோசனை சொல்லி உதவினார்கள். 4 கிலோவுக்கு மேல் பிறந்த குழந்தைகள் நூற்றுக்கு 19-லிருந்து 15-ஆகக் குறைந்தது, நல்லதுதான். ஆனால் அந்தக் குழந்தைகளை மூன்று முதல் ஐந்து வயதுக்குள் மறுபடி அளந்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது, வயிற்றில் குழந்தை வந்த பிறகு விழித்துக்கொள்வது நல்லது. வருவதற்கு முன்பே விழித்துக்கொள்வது அதைவிட நல்லது.

இவ்வளவும் படித்தபின் என் இளைய மகளுக்காக எங்கள் வீட்டில் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறேன். உங்களுக்கும் பிரயோஜனப்படலாம்.

முதலாவது, "இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்ற பேச்சையே எடுத்துவிட்டேன். நாலாம் மாதத்திலிருந்து நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாக இருந்தால் போதும் என்கிறார்கள் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிலையத்தார். அது எவ்வளவு தெரியுமா? இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். தீர்ந்தது! அந்தக் கூடுதலும் சாதமாகவும் இனிப்பாகவும் போகாமல் பருப்பு, சுண்டல், கீரை, தயிர், சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை, மீன் என்று போகட்டும். பழம் சாப்பிடட்டும், பழச்சாறு பிழிந்து சர்க்கரை கொட்ட வேண்டாம்.

இரண்டாவது, முதல் தடவை டாக்டரிடம் போன அன்றே எடையை நோட்டில் எழுதிவிட்டோம். மாதா மாதம் எழுதுவோம். ஒரு மாதத்தில் திடீரென்று ஏறினாலோ, ஏறாமலே இருந்தாலோ, நாமே வைத்தியம் செய்யாமல் டாக்டரிடம் கேட்பதாக உத்தேசம். திடீர் ஏற்றத்துக்குக் கால் வீக்கமும் ரத்த அழுத்தமும்கூடக் காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது, சர்க்கரைச் சோதனை. முதல் தடவை போகும்போது ஒன்று. 24-லிருந்து 28 வாரத்துக்குள் இன்னொன்று. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிறாக இருக்கவேண்டும் என்பதில்லை. சென்னை டாக்டர் சேஷய்யா போன்றவர்கள் நம் பெண்களின் சௌகரியத்தை எண்ணி வகுத்த முறை இது. 140-க்கு மேல் வந்தால் பயப்பட வேண்டாம். பலருக்குச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டாலே கட்டுக்குள் வந்துவிடும். இந்தத் தடவை வளைகாப்பு நாள் குறிப்பதற்கு முன் சோதனை நாளைக் குறித்துவிட்டேன்.

நாலாவது, டாக்டர் கூடாது என்று சொல்லாதவரை தினம் அரை மணி நேரம் நடை. கர்ப்பத்தில் எடையைக் குறைக்கிறேன் என்று யாரும் பட்டினி கிடக்கக் கூடாது. டாக்டர் கொடுத்த மாத்திரைகளையும் நிறுத்தக் கூடாது. ஹாலந்துக் கதையை மறந்துவிடாதீர்கள்.

ஐந்தாவது, பிரசவத்துக்குப் பின்னும் நெய்யும் லேகியமுமாக அடைத்து வைக்காமல் இருப்பது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். பிறகு, அடுத்த குழந்தையைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஏறிய எடை இறங்க அவகாசம் கொடுப்பது. அதற்கு அவள் நடந்துவர ஒரு மணி நேரம் வேண்டும். குழந்தையை வைத்துக்கொள்ள யாராவது வேண்டும். அது யார்? நாம்தான்.

கடைசியாக ஒன்று. கர்ப்பிணியின் எடை கர்ப்பிணி ஒருத்தியின் விஷயம் அல்ல. பரிமாறுகிற அம்மா, இனிப்புப் பொட்டலத்தோடு வரும் சம்பந்தி அம்மாள், ஆசையாக ஐஸ்கிரீம் வாங்கி வரும் கணவர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. பிறகு பிள்ளை குண்டாகிவிட்டால் மட்டும் ஏன் தாயை ஒருத்தியாகக் குற்றம் சொல்கிறோம்? "இப்படி ஊதிவிட்டாயே!" என்று அவளைப் பார்த்துச் சொல்லும் ஒரு வார்த்தை, ஒரு கிலோவைக்கூடக் குறைக்காது. வீட்டு இலை எல்லோருக்கும் ஒன்றாக மாறினால்தான் அவளுக்கும் மாறும். அவள் பிள்ளைக்கும் மாறும்.

பேரன் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கதவைத் தட்டினேன். "எனக்கு முழங்கால் வலி, டாக்டர் நடக்கச் சொல்கிறார். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, துணைக்கு வருகிறாயா?" என்று கேட்டேன். அவனை எடை குறைக்கச் சொல்லவில்லை. பாட்டிக்குத் துணையாகக் கூப்பிட்டேன். சித்தியும் கிளம்பினாள். மூவருமாகப் பூங்காவை இரண்டு தடவை சுற்றினோம். மூன்றாவது சுற்றில் நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவன் திரும்பிப் பார்த்து, "பாட்டி, நீ பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாயே!" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. உட்கார்ந்ததற்கு நான் வருத்தப்படவில்லை.